வரித்தழும்புகளுக்கான வீட்டு மருத்துவம்

வரித்தழும்புகளுக்கான வீட்டு மருத்துவம் என்பது, தோல் விரிவடைவதால் வயிறு, தொடை, மார்பு, இடுப்பு முதலிய இடங்களில் உண்டாகும் கோடு போன்ற தழும்புகளைத் தடுக்கவோ, அவற்றின் தோற்றத்தைக் குறைக்கவோ வீடுகளில் கையாளப்படும் முறைகளைக் குறிக்கும். எண்ணெய் பூசுதல், கற்றாழைச் சோறு தடவுதல், மஞ்சளும் மாவும் சேர்த்துப் பூசுதல், எலுமிச்சைச் சாறு தேய்த்தல் என்பன இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. இம்முறைகளுட் பல தோலின் வறட்சியையும் அரிப்பையும் குறைக்கின்றன. ஆயினும் ஒரு முறை தோன்றிய தழும்பை முற்றிலும் நீக்கவல்ல வீட்டு மருந்து எதுவும் இல்லை. தழும்புகள் காலப்போக்கில் தாமாகவே நிறம் மங்கும் இயல்புடையவை. சில முறைகள் தோலுக்குத் தீங்கு செய்யக்கூடியவை. சில வேளைகளில் இத்தழும்பு வேறொரு நோயின் அறிகுறியாகவோ, தவறாகப் பயன்படுத்தப்பட்ட களிம்பின் விளைவாகவோ இருக்கக்கூடும்.

பெயர்

மகப்பேற்றையொட்டி வயிற்றில் தோன்றும் தழும்புகள் பேச்சு வழக்கில் பிரசவத் தழும்பு, பிரசவ வரி, வயிற்று வரி எனப்படுகின்றன. ஆனால் இவை பிள்ளை பெற்ற பெண்களுக்கு மட்டும் உரியவை அல்ல. பருவ வயதுச் சிறுவர், சிறுமியர், விரைவில் உடல் பருத்தவர்கள், உடற்பயிற்சியால் தசையை விரைந்து பெருக்கியவர்கள் ஆகியோரிடமும் காணப்படும். எனவே பொதுப்பெயராக வரித்தழும்பு என்ற சொல் இக்கட்டுரையில் பயன்படுத்தப்படுகிறது.

தழும்பு உண்டாகும் முறை

மனிதத் தோல் மேற்றோல், உட்தோல் என்னும் இரு முதன்மை அடுக்குகளைக் கொண்டது. அவற்றின் கீழே கொழுப்பு அடுக்கு உள்ளது. உட்தோலுக்கு உறுதி தருவது கொலாசன் என்னும் புரத இழை. இழுபட்ட தோல் மீண்டும் பழைய நிலைக்கு வர உதவுவது எலாஸ்டின் என்னும் மீள்தன்மை இழை. வரித்தழும்பு உண்டாகும் இடத்தில் இவ்விழைகளின் ஒழுங்கு குலைந்து, மீள்தன்மை இழைகள் சிதைவடைகின்றன. ஆகவே இது மேற்றோலில் படிந்த கறை அன்று. உட்தோலில் ஏற்பட்ட ஒரு வகைத் தழும்பாகும். இத்தழும்பின் நுண்ணோக்கி அமைப்பு 1889 ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர்களால் விவரிக்கப்பட்டது.

தழும்பு இரு நிலைகளைக் கடக்கிறது.

தொடக்க நிலை: கோடுகள் சிவப்பாகவோ ஊதா நிறமாகவோ சற்றே தடித்துக் காணப்படும். கருந்தோல் உடையவர்களிடம் இவை கரும்பழுப்பாகத் தோன்றுவதும் உண்டு. இந்நிலையில் அரிப்பு இருக்கலாம். அந்த இடத்தில் அழற்சியும் குருதிக் குழாய்களின் விரிவும் உள்ளன.

முதிர்ந்த நிலை: சில மாதங்கள் முதல் ஓராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காலத்தில் சிவப்பு நீங்கி, கோடுகள் வெண்மையாகவோ வெள்ளி நிறமாகவோ மாறும். மேற்பரப்பு சற்றுக் குழிந்து மெல்லிய சுருக்கங்களுடன் இருக்கும். அந்த இடத்தில் தோலின் நிறப்பொருள் குறைவு. கருந்தோலில் சுற்றியுள்ள நிறத்தோடு ஒப்பிடும்போது இவ்வெண்கோடுகள் கூடுதலாகத் தெரியும்.

காரணங்கள்

தோல் இழுபடுவது மட்டுமே காரணம் என்று முன்னர்க் கருதப்பட்டது. ஒரே அளவு வயிறு பெருத்த இரு பெண்களுள் ஒருவருக்குத் தழும்பு விழுவதும் மற்றவருக்கு விழாதிருப்பதும் இதை மட்டும் கொண்டு விளக்கப்படக்கூடியவை அல்ல. மரபுக் கூறும் இயக்குநீர்களும் இதில் பங்கு கொள்கின்றன.

* மகப்பேறு: கருவுற்ற பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இத்தழும்பு தோன்றுகிறது. பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்குப் பின்னரே வெளிப்படும். இளம் வயதில் கருவுறுதல், தாய்க்கு இத்தழும்பு இருந்திருத்தல், கருவுற்ற காலத்தில் எடை மிகக் கூடுதல், குழந்தையின் எடை மிகுதியாக இருத்தல் ஆகியன வாய்ப்பைக் கூட்டுகின்றன.
* பருவ வளர்ச்சி: பெண்களுக்குத் தொடை, பிட்டம், மார்பு ஆகிய இடங்களிலும், ஆண்களுக்குக் கீழ் முதுகிலும் தொடையிலும் தோன்றும். வேகமாக உயரம் வளரும் சிறுவர்களின் முதுகில் குறுக்காக அடுக்கடுக்காகத் தோன்றும் கோடுகள், அடிபட்ட தழும்பு எனத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு.
* உடல் எடை: குறுகிய காலத்தில் எடை கூடுதல், தசை பெருக்குதல்.
* ஸ்டீராய்டு மருந்துகள்: நெடுநாள் உட்கொள்ளும் மாத்திரைகள் அல்லது தோலில் பூசும் களிம்புகள்.
* நோய்கள்: கார்ட்டிசோல் என்னும் இயக்குநீர் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோய்க்கூட்டு, இணைப்பிழையத்தைப் பாதிக்கும் மார்பன் நோய்க்கூட்டு முதலியன.

வரலாறு

கருவுற்ற பெண்ணின் வயிற்றுத் தோலைப் பேணும் வழக்கம் மிகப் பழமையானது. உரோமில் மருத்துவம் செய்த எபேசு நகரத்துச் சொரானசு (கி.பி. 2 ஆம் நூற்றாண்டு), மகளிர் மருத்துவம் குறித்த தமது நூலில், கருக்காலத்தின் பிற்பகுதியில் பழுக்காத ஆலிவ் காயின் எண்ணெய் சேர்ந்த மெழுகுப் பூச்சை வயிற்றில் தடவுமாறு கூறுகிறார். தோல் வெடிப்பின்றியும் சுருக்கமின்றியும் இருக்கும் என்பது அவர் கருத்து.

இந்திய மருத்துவ மரபில் சரக சம்கிதையின் சாரீர தானப் பகுதி, ஏழாம் மாதத்தில் வயிற்றிலும் மார்பிலும் அரிப்புடன் தோன்றும் நிலையைக் கிக்கிசம் எனக் குறிப்பிடுகிறது. இலந்தை நீருடன் மூலிகை சேர்த்த வெண்ணெயைச் சிறிதளவு அருந்துதலும், சந்தனத்தையும் தாமரைத் தண்டையும் அரைத்துப் பூசுதலும் அங்கே மருந்தாகச் சொல்லப்படுகின்றன. தோல் கிழிந்து அழகு கெடாமல் இருக்கச் சொறிதலைத் தவிர்க்க வேண்டும் என்றும் அந்நூல் அறிவுறுத்துகிறது. "வயிற்றைச் சொறிந்தால் வரி விழும்" என்று தமிழ்நாட்டு வீடுகளில் கருவுற்ற பெண்ணிடம் மூத்தோர் சொல்வது இக்கருத்தை ஒத்தது. இன்றைய அறிவின்படி சொறிவது வரித்தழும்பை உண்டாக்குவதில்லை. தழும்பு உருவாகும் காலத்தில் அரிப்பும் உடன் நிகழ்வதால், ஒன்று மற்றொன்றின் காரணமாகக் கருதப்பட்டுள்ளது. எனினும் நகம் பட்டுத் தோல் கீறுவதும் புண்ணாவதும் உண்மையாதலால் அறிவுரை பயனுடையதே.

சங்க இலக்கியத்தில் நற்றிணை 370 ஆம் பாடலில், மகனை ஈன்ற மனைவியின் மேனியில் உள்ள வரியும் திதலையும் கணவனால் அன்போடு பேசப்படுகின்றன. திதலை என்பதற்குத் தேமல் என்று உரையாசிரியர்கள் பொருள் கூறுவர். அதனை வரித்தழும்புடன் ஒன்றாகக் கொள்ள இயலாது. ஆயினும் தாய்மையால் உடலில் விழும் கோடுகளும் புள்ளிகளும் மறைக்கவேண்டிய குறையாக அப்பாடலில் கருதப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

வீட்டு மருத்துவ முறைகள்

எண்ணெய்கள்

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், ஆலிவ் எண்ணெய், வாதுமை எண்ணெய் ஆகியன பயன்படுத்தப்படுகின்றன. குளித்தபின் ஈரம் முழுதும் உலருமுன் எண்ணெயைத் தடவினால் தோலில் உள்ள நீர் ஆவியாவது குறையும். தோல் மென்மையடைந்து அரிப்பும் இறுக்க உணர்வும் தணியும். இவையே எண்ணெயின் உறுதியான பயன்கள். எண்ணெய் மேற்றோலின் வெளிப்பகுதியில் தங்கிவிடுவதால், உட்தோலில் சிதைந்த இழைகளை அது சரிசெய்வதில்லை.

விளக்கெண்ணெய் பிசுபிசுப்பு மிக்கது. அதனுடன் தேங்காய் எண்ணெயைக் கலந்து பூசுவதே வழக்கம். கருவுற்ற காலத்தில் இதனை வெளியே பூசுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விளக்கெண்ணெயை உட்கொள்ளுதல் பேதியையும் கருப்பைச் சுருக்கத்தையும் தூண்டக்கூடும்.

கொக்கோ வெண்ணெயும் ஷியா வெண்ணெயும்

கொக்கோ விதையிலிருந்து எடுக்கப்படும் கொழுப்பு கொக்கோ வெண்ணெய் ஆகும். மேற்கு நாடுகளிலும் கரிபியத் தீவுகளிலும் வரித்தழும்புக்கு மிகுதியாகப் பயன்படுவது இதுவே. மேற்கு ஆப்பிரிக்காவில் ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கப்படும் வெண்ணெய் தோலுக்குப் பூசப்படுகிறது. இரண்டும் நல்ல ஈரங்காப்பிகள்.

கற்றாழை

சோற்றுக் கற்றாழையின் மடலை வெட்டி, மஞ்சள் நிறப் பால் வடிந்தபின் உள்ளிருக்கும் சோற்றை நன்கு கழுவித் தடவுவர். இது தோலுக்குக் குளிர்ச்சியும் ஈரமும் தரும். தோலை ஒட்டிய மஞ்சள் நிறப் பால் சிலருக்கு எரிச்சலை உண்டாக்கும் என்பதால் கழுவுதல் இன்றியமையாதது.

வல்லாரை

வல்லாரை இலையின் சாறு சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் தோல் நோய்களுக்குப் பயன்படுவது. இதில் உள்ள ஆசியாட்டிக்கோசைடு முதலிய பொருட்கள் கொலாசன் உருவாவதைத் தூண்டுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. கடைகளில் விற்கப்படும் தழும்புக் களிம்புகள் பலவற்றில் வல்லாரைச் சாரம் சேர்க்கப்படுகிறது. வீட்டில் அரைக்கும் இலையில் இப்பொருட்களின் அளவு நிலையாக இருப்பதில்லை.

மஞ்சளும் மாவும்

கஸ்தூரி மஞ்சள், பயற்றம் மாவு, கடலை மாவு ஆகியவற்றைப் பாலிலோ தயிரிலோ குழைத்துப் பூசுவர். இது தோலின் அழுக்கை நீக்கும். சுற்றியுள்ள தோலில் மஞ்சள் நிறம் படிவதால் வெண்கோடுகள் சில மணி நேரம் குறைவாகத் தெரியலாம். சிலருக்கு மஞ்சளால் ஒவ்வாமை உண்டாகும்.

சர்க்கரையும் காப்பித்தூளும்

சர்க்கரையையோ காப்பித்தூளையோ எண்ணெயில் கலந்து தேய்ப்பது அண்மைக் காலத்தில் பரவியுள்ள முறை. மேற்றோலின் இறந்த உயிரணுக்கள் அகன்று தோல் வழவழப்பாகும். தழும்பு அதற்கும் கீழே இருப்பதால் தேய்ப்பினால் அது அகலாது. கடுமையாகத் தேய்த்தால் கருந்தோல் உடையவர்களுக்கு அந்த இடம் மேலும் கறுத்துவிடும்.

முட்டை வெண்கருவும் உருளைக்கிழங்குச் சாறும்

வெண்கரு காயும்போது தோலை இறுக்குவது போன்ற உணர்வைத் தருகிறது. கழுவியவுடன் அவ்வுணர்வு நீங்கிவிடும். அதிலுள்ள புரத மூலக்கூறுகள் பெரியவையாதலால் தோலுக்குள் புகுவதில்லை. பச்சை முட்டையில் கிருமிகள் இருக்கக்கூடுமாதலால் புண்பட்ட தோலில் பூசலாகாது. உருளைக்கிழங்குச் சாறு தழும்பைக் குறைக்கும் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை.

பேறுகால வழக்கங்கள்

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்து, மஞ்சள் பூசி, வெந்நீர் ஊற்றுதலும், வயிற்றை நீளத் துணியால் கட்டுதலும் தமிழர் வழக்கங்கள். வயிற்றுக் கட்டு தளர்ந்த தசைக்குத் தாங்கலாக உணரப்படலாம். தழும்பின் மீது அதற்கு விளைவு எதுவும் இல்லை. அறுவை வழிப் பிள்ளை பெற்றவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வயிற்றை இறுகக் கட்டுதல் கூடாது.

ஆய்வு முடிவுகள்

வீட்டு முறைகளுட் சில, மருத்துவ ஆய்வுகளில் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பல தழும்பு வந்தபின் நீக்குவதைப் பற்றியவை அல்ல. கருக்காலத்தில் தழும்பு வராமல் தடுப்பதைப் பற்றியவை.

* கொக்கோ வெண்ணெய்: லெபனானில் 175 பெண்களிடம் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வில், கொக்கோ வெண்ணெய்ப் பூச்சைப் பயன்படுத்தியோருள் 45.1 விழுக்காட்டினருக்கும், கொக்கோ வெண்ணெய் இல்லாத பூச்சைப் பயன்படுத்தியோருள் 48.8 விழுக்காட்டினருக்கும் தழும்பு தோன்றியது. யமேக்காவில் 300 பெண்களிடம் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வில் இவ்வளவுகள் 44, 55 விழுக்காடுகள். இரு ஆய்விலும் வேறுபாடு புள்ளியியல் அடிப்படையில் பொருட்படுத்தத்தக்கது அன்று.
* ஆலிவ் எண்ணெய்: ஈரானில் நடந்த ஆய்வுகளில், எண்ணெய் பூசியவர்களுக்கும் எதுவும் பூசாதவர்களுக்கும் இடையே தழும்பு தோன்றுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.
* வாதுமை எண்ணெய்: துருக்கியில் முதன்முறை கருவுற்ற 141 பெண்களிடம் நடத்தப்பட்டு 2012 இல் வெளியான ஆய்வில், கசப்பு வாதுமை எண்ணெயை 15 நிமிடம் நீவிப் பூசியோருள் 20 விழுக்காட்டினருக்குத் தழும்பு தோன்றியது. நீவாமல் எண்ணெய் மட்டும் பூசியோருள் 38.8 விழுக்காட்டினருக்கும், எதுவும் பூசாதோருள் 41.2 விழுக்காட்டினருக்கும் தோன்றியது. எண்ணெயை விட நீவுதலே பயன் தந்திருக்கலாம் என்பது இதன் பொருள். யார் என்ன செய்தார் என்பது பங்கேற்றோருக்குத் தெரிந்திருந்தமையால் இம்முடிவை உறுதியானதாகக் கொள்ள இயலாது.
* வல்லாரை: வல்லாரைச் சாரம், வைட்டமின் இ, கொலாசன்-எலாஸ்டின் கூறுகள் சேர்ந்த ஒரு களிம்பு 1991 இல் வெளியான ஆய்வில் சோதிக்கப்பட்டது. ஆய்வை நிறைவு செய்த 80 பெண்களுள், களிம்பு பூசியோரில் 34 விழுக்காட்டினருக்கும் மருந்தற்ற பூச்சு பூசியோரில் 56 விழுக்காட்டினருக்கும் தழும்பு வந்தது. பல பொருட்கள் கலந்த களிம்பாதலால், பயன் வல்லாரையால் மட்டும் வந்தது என்று கூறுவதற்கில்லை.

இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து 2012 இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, 800 பெண்கள் பங்கேற்ற 6 ஆய்வுகளைக் கணக்கில் கொண்டது. கருக்காலத்தில் தழும்பு வராமல் தடுக்க எந்தப் பூச்சையும் பரிந்துரைப்பதற்கு உயர்தரச் சான்று இல்லை என்பது அதன் முடிவாகும்.

பயனுள்ளதாகத் தோன்றுவதன் காரணம்

ஆய்வுகள் இவ்வாறு கூறினும், தாங்கள் பயன்படுத்திய பொருளால் தழும்பு குறைந்தது எனப் பலர் உறுதியாகக் கூறுகின்றனர். இதற்கு மூன்று காரணங்கள் காட்டப்படலாம்.

முதலாவது, தழும்பின் இயல்பான மாற்றம். மகப்பேற்றுக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில் பெரும்பாலான தழும்புகளின் சிவப்பு நிறம் தானாகவே மங்குகிறது. பெண்கள் எண்ணெயோ களிம்போ பூசத் தொடங்குவதும் இதே காலத்தில்தான். எனவே காலம் செய்த வேலை மருந்து செய்ததாகத் தோன்றுகிறது.

இரண்டாவது, ஒளியின் விளைவு. வறண்ட தோலில் தழும்பின் நுண்சுருக்கங்கள் தெளிவாகத் தெரியும். எண்ணெய் அச்சுருக்கங்களை நிரப்பி மேற்பரப்பைச் சமமாக்குவதால் தழும்பு மங்கலாகத் தெரிகிறது. இது உண்மையான பயனே எனினும் பூசும் காலம் வரை மட்டும் நிலைப்பது.

மூன்றாவது, தழும்பு வராதவர்களின் சான்று. எந்தப் பூச்சும் இல்லாமலே கருவுற்ற பெண்களுள் ஒரு பகுதியினருக்குத் தழும்பு தோன்றுவதில்லை. அவர்களுள் எண்ணெய் பூசியவர்கள், எண்ணெயால் தழும்பு வரவில்லை என்று கருதுவது இயல்பு. இதன் மறுபக்கமாக, தழும்பு வந்த பெண் ஒழுங்காக எண்ணெய் தடவவில்லை என்று பழிக்கப்படுவதும் வீடுகளில் நிகழ்கிறது. மரபு, வயது, இயக்குநீர் ஆகியன பங்கு கொள்ளும் ஒன்றுக்கு அப்பெண்ணின் கவனக்குறைவைக் காரணமாகக் கூறுவதற்கு அறிவியல் அடிப்படை இல்லை.

பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறை

* புதிய பொருள் எதையும் முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி, ஓரிரு நாட்கள் கவனித்தபின் பயன்படுத்துதல் நன்று. சிவப்பு, அரிப்பு, கொப்புளம் தோன்றினால் தவிர்க்க வேண்டும்.
* மணமற்ற எளிய எண்ணெய் அல்லது ஈரங்காப்பி போதுமானது. விலை மிகுந்த பொருள் கூடுதல் பயன் தருவதற்குச் சான்று இல்லை.
* கருவுற்ற வயிற்றை அழுத்தித் தேய்க்கலாகாது. உள்ளங்கையால் மெல்ல நீவுதல் போதும்.
* கசப்பு வாதுமை எண்ணெய் நச்சுத்தன்மை உடையதாக இருக்கலாம். அதனை உட்கொள்ளலாகாது. குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.
* பாலூட்டும் தாய் மார்பில் எதையேனும் பூசினால் குழந்தைக்குப் பாலூட்டுமுன் துடைத்துவிட வேண்டும்.
* வெயில் படும்போது சுற்றியுள்ள தோல் கறுத்து, வெண்கோடுகள் மேலும் தெளிவாகத் தெரியும். ஆடையால் மறைத்தல் பயன் தரும்.
* கருக்காலத்தில் எடை மருத்துவர் கூறும் அளவில் படிப்படியாகக் கூடுமாறு பார்த்துக்கொள்ளலாம். தழும்புக்கு அஞ்சி உணவைக் குறைத்தல் தாய்க்கும் சேய்க்கும் தீங்கு தரும்.

தவிர்க்க வேண்டியவை

எலுமிச்சைச் சாறு தழும்பை வெளுக்கச் செய்யும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. முதிர்ந்த தழும்பு ஏற்கனவே வெண்மையானதாகையால் வெளுக்கச் செய்தல் பொருளற்றது. மேலும், எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் அதனைத் தொடர்ந்து பல வாரங்கள் நீடிக்கும் கருமையும் உண்டாகலாம்.

சமையல் சோடாவும் வினிகரும் முறையே காரத்தன்மையாலும் அமிலத்தன்மையாலும் தோலின் காப்புப் படலத்தைக் கெடுக்கின்றன. வைட்டமின் இ மாத்திரையை உடைத்து எண்ணெயைப் பூசுவதும் எப்போதும் தீங்கற்றது அன்று. அறுவைத் தழும்புகளில் வைட்டமின் இ பூசிச் செய்யப்பட்டு 1999 இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குத் தோல் ஒவ்வாமை உண்டானது.

ஸ்டீராய்டு களிம்பும் வரித்தழும்பும்

இந்தியாவில் படர்தாமரை, தேமல், அரிப்பு முதலியவற்றுக்கு மருத்துவரைக் காணாமல் மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசும் பழக்கம் மிகுதி. இக்களிம்புகளுட் பலவற்றில் பூஞ்சை எதிர்ப்பு மருந்துடன் குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன் போன்ற வலிய ஸ்டீராய்டுகளும் கலந்துள்ளன. முகத்தை வெளுக்கச் செய்வதற்காகவும் இத்தகைய களிம்புகள் பூசப்படுகின்றன.

ஸ்டீராய்டு, கொலாசன் உருவாவதைத் தடுத்துத் தோலை மெலியச் செய்கிறது. தொடை இடுக்கு, அக்குள், மார்பின் கீழ்ப்பகுதி ஆகிய மடிப்புகளில் மருந்து மிகுதியாக உறிஞ்சப்படுவதால், சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை பூசியவர்களுக்கு அவ்விடங்களில் அகன்ற சிவந்த வரித்தழும்புகள் விழுகின்றன. அரிப்பு உடனே தணிவதால் நோய் குணமாவதாகத் தோன்றும். உண்மையில் பூஞ்சை அடங்கியிருந்து மேலும் பரவுகிறது. இவ்வாறு விழுந்த தழும்புக்கு எண்ணெயும் கற்றாழையும் பூசிக்கொண்டே களிம்பையும் தொடர்வோர் உளர். களிம்பு நிறுத்தப்படாத வரை தழும்பு கூடிக்கொண்டே செல்லும். நெடுநாள் பூசியவர்கள் மருத்துவரின் அறிவுரைப்படி அதனை நிறுத்துதல் வேண்டும்.

இந்திய அரசு 2018 ஆம் ஆண்டில் தோலில் பூசும் 14 வகை ஸ்டீராய்டு மருந்துகளை, மருத்துவர் சீட்டு இன்றி விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

வரித்தழும்பு தன்னளவில் தீங்கற்றது. எனினும் பின்வரும் நிலைகளில் வீட்டு மருத்துவத்தை நம்பிக் காத்திருத்தல் கூடாது.

* கருக்காலத்தின் பிற்பகுதியில் உள்ளங்கை, உள்ளங்கால்களில் தடிப்பு எதுவும் இன்றிக் கடும் அரிப்பு, குறிப்பாக இரவில் மிகுதல். இது ஈரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். பித்த அமிலத்தின் அளவு மிக உயர்ந்தால் வயிற்றில் உள்ள குழந்தை இறக்கும் இடர் உண்டு. குருதிச் சோதனையால் இதனைக் கண்டறியலாம். வயிறு பெருப்பதால் வரும் அரிப்பு என்று கருதி எண்ணெய் பூசிக்கொண்டிருப்பதால் நாட்கள் வீணாகும்.
* வயிற்றின் தழும்புகள் மீது தொடங்கித் தொடைக்குப் பரவும் அரிப்புள்ள சிவந்த தடிப்புகள். கொப்புளத்தை நிலவரமாகத் தொப்புளைச் சுற்றிலும் காணாமல், தொப்புளை விட்டுவைத்துப் பரவும் வகை பெரும்பாலும் தீங்கற்றது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் தானே மறையும். ஆயினும் பிற நோய்களிலிருந்து பிரித்தறிய மருத்துவர் பார்த்தல் வேண்டும்.
* காரணம் இன்றி, ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் அகன்ற கருஞ்சிவப்பு அல்லது ஊதாத் தழும்புகள் தோன்றுதல். முகம் உருண்டையாதல், கைகால் மெலிந்து வயிறு பெருத்தல், எளிதில் தோல் கன்றுதல், குருதி அழுத்தமும் சர்க்கரையும் உயர்தல் ஆகியன உடன் இருந்தால் குஷிங் நோய்க்கூட்டு ஐயுறப்படும். ஆர்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1932 இல் இந்நோயை விரிவாக விளக்கியபோது இத்தழும்பையும் குறிப்பிட்டார்.
* அளவுக்கு மீறிய உயரம், நீண்ட விரல்கள், பார்வைக் குறை ஆகியவற்றுடன் தோள், முதுகு போன்ற இடங்களில் தழும்புகள் இருத்தல். இதயத்தையும் பெருநாடியையும் பாதிக்கும் மார்பன் நோய்க்கூட்டில் இவை காணப்படலாம்.

மருத்துவ முறைகள்

வீட்டு முறைகளால் நிறைவடையாதவர்கள் தோல் மருத்துவரை நாடுகின்றனர். தொடக்க நிலைத் தழும்புகளுக்கு டிரெட்டினோயின் என்னும் வைட்டமின் ஏ வகைக் களிம்பு தரப்படுகிறது. 1996 இல் வெளியான ஆய்வில், 0.1 விழுக்காட்டுக் களிம்பை 24 வாரம் பூசியவர்களின் தழும்பு நீளத்தில் சராசரியாக 14 விழுக்காடும் அகலத்தில் 8 விழுக்காடும் குறைந்தது. பயன் இருப்பினும் அது அளவானதே என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. கருவுற்ற காலத்தில் இக்களிம்பைப் பயன்படுத்தலாகாது. வீட்டில் முன்னர் வாங்கி வைத்த களிம்பைக் கருவுற்றபின் பூசுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

சிவந்த நிலையில் குருதிக் குழாய்களைக் குறிவைக்கும் லேசர் ஒளியும், வெண்ணிலையில் நுண்துளை லேசர், நுண்ணூசி முறை ஆகியனவும் கையாளப்படுகின்றன. இவை பல அமர்வுகள் தேவைப்படும் செலவு மிகுந்த முறைகள். கருந்தோலில் சிகிச்சைக்குப் பின் கருமை படியும் வாய்ப்பு கூடுதலாகையால், அத்தகைய தோலுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய மருத்துவரை நாடுதல் நன்று. இவற்றாலும் தழும்பு மங்குமேயன்றி முற்றிலும் மறைவதில்லை. தோலின் நிறத்தை ஒத்த ஒப்பனைப் பூச்சு, விழா போன்ற வேளைகளில் தழும்பை மறைக்கப் பயன்படும் எளிய வழியாகும்.

இவற்றையும் பார்க்க

* தோல்
* கொலாசன்
* மகப்பேறு
* கற்றாழை
* வல்லாரை
* படர்தாமரை
* குஷிங் நோய்க்கூட்டு